கேங்ஸ்டர்களிடம் டெனிஷ் படித்தவன்

டென்மார்க்குக்கு வந்த எங்கள் ஆட்கள் டெனிஷ் படித்தது பலவிதம். சிலர் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். சிலர் மீன் தொழிற்சாலையில் படித்தார்கள். அவர்களுக்கு இன்றும் மீனைத் தவிர வேறெதைப் பற்றியும் டெனிஷில் கதைக்க வராது. என் பிள்ளைகள் பிறக்கும்போதே படித்துவிட்டு வந்தார்கள், தமிழ்தான் வரவில்லை. என் தங்கை புஷ்பராணியின் புருஷன் அந்தோனிமுத்து மட்டும் அமெரிக்கக் கேங்ஸ்டர்களிடம் படித்தான்.

நான் மிகைப்படுத்தவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வந்தவனை, ஜூட்லாந்தின் மேற்குக் கரையில் கோடைகால விடுதி ஒன்றைக் குளிர்காலத்துக்கு மட்டும் அகதி முகாமாக்கி, அதில் போட்டார்கள். வெளியே காற்று. உள்ளே உருளைக்கிழங்கு. கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. சனிக்கிழமை பின்னேரங்களில் அதில் பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படம் போடுவார்கள், பெரும்பாலும் சிரிப்புக் கேங்ஸ்டர் படம். இவனுக்கு ஆங்கிலமும் தெரியாது, டெனிஷும் தெரியாது. ஆனால் படத்தில் ஒருவன் கதவைத் திறந்து துப்பாக்கியை நீட்டுவான், மற்றவன் கையைத் தூக்குவான், கீழே மூன்று டெனிஷ் சொல் ஓடும். இவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்வான். இவ்வளவு தெளிவாக அர்த்தம் சொல்லுகிற பாடப்புத்தகம் எங்கே இருக்கிறது என்று இப்போதும் என்னிடம் கேட்பான்.

அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன், அவனுடைய தொல்லை தாங்காமல். அதில் வரும் கேங்ஸ்டர்கள் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். வங்கியை உடைக்கப் போய்ப் பக்கத்துக் கடைச் சுவரை உடைத்துவிட்டு நிற்பார்கள். நகரத்தையே நடுங்கவைக்கும் பாஸின் காதை வீட்டில் தாய் திருகுவாள். வயலின் பெட்டியைத் திறந்தால், துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் வயலின் இருக்கும். இவர்கள்தான் என் மச்சானின் ஆசிரியர்கள்.

படிப்பு வீண்போகவில்லை. முதல் வேலைக்கு நேர்முகம் போனபோது, என்ன வேலை செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். எந்த வேலை தந்தாலும் செய்வேன் என்று சொல்ல நினைத்தவன், கொப்பியில் இருந்ததைச் சொன்னான்: "யாரைத் தீர்க்கவேண்டுமென்று மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்." அது பன்றி வெட்டும் தொழிற்சாலை என்பதால் வேலை கிடைத்தது. கல்யாணப் பதிவில், சம்மதமா என்று அதிகாரி கேட்டதற்கு "டீல்" என்று சொல்லிக் கையை நீட்டினான். என் தங்கைக்கு அப்போது டெனிஷ் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த விமானத்தில் திரும்பியிருப்பாள் என்று நான் நினைக்கிறேன். அவள் இல்லை என்கிறாள்.

ஒரு தொப்பியும் வாங்கினான். மண்ணிறக் கம்பளித் தொப்பி, கண்ணுக்கு மேலே சரித்துப் போடுவது. நாங்கள் இருக்கும் விபோர்க் நகரத்துக் காற்றில் சைக்கிளில் போகிறவன் தொப்பியைச் சரித்துப் போட்டால் அது அடுத்த ஊரில்தான் இறங்கும். ஆகவே புஷ்பராணி உள்ளே ஒரு இலாஸ்டிக் தைத்துக் கொடுத்தாள். நாடியில் இலாஸ்டிக் மாட்டிய கேங்ஸ்டர் எங்கள் தெருவில் மட்டும்தான் உண்டு.

நான் கொமூனில் வேலை செய்கிறவன். கொமூன் என்றால் இங்கே உள்ளூராட்சி அலுவலகம்; நீங்கள் பிறப்பது, இறப்பது, குப்பைத்தொட்டி மாற்றுவது எல்லாம் எங்களுக்கூடாகத்தான். என்னுடைய டெனிஷ் சுத்தமான டெனிஷ். வெள்ளைக்காரனே என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துத்தான் விளங்கிக்கொள்வான். இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மச்சான். பூசைக்குப் பிறகு மாதா கோவில் மண்டபத்தில் டெனிஷ் பாதிரியாரிடம் அவன் "எப்படி இருக்கிறது உன் பிரதேசம்?" என்று கேட்கும்போது எனக்கு மானம் கப்பலேறும். பாதிரியார் சிரிப்பார். அது வேறு எனக்கு எரிச்சல்.

பன்றித் தொழிற்சாலை மூடியபிறகு அவன் பராமரிப்புப் படிப்பு படித்து, ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தான். அங்கேதான் எல்சே இருந்தார். எண்பத்தொன்பது வயது. மறதி நோய். முப்பத்தொரு வருடம் ஒரு சின்ன நகரத் திரையரங்கில் டிக்கெட் கிழித்த மனுசி. படம் தொடங்கியதும் பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாராம். இப்போது பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. காலையில் உடுப்பு மாற்றப் போனால் இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார், கடிப்பார். இரண்டு பெண்கள் பிடித்துத்தான் மாற்றுவார்கள்.

அந்தோனிமுத்து போன முதல் நாள், இரவுச் சட்டையைக் கழற்றவேண்டும், கையைத் தூக்கு என்று சொல்லவேண்டும். அதற்கு அவனிடம் இருந்த டெனிஷ் ஒன்றே ஒன்று. "ஒப் மெ போதர்ன" என்றான். முன்னங்கால் இரண்டையும் தூக்கு என்று அர்த்தம். நாய், பூனைக்குத்தான் அந்தச் சொல். பழைய படங்களில் கேங்ஸ்டர் துப்பாக்கியை நீட்டும்போதெல்லாம் கீழே ஓடும் வாசகம்.

எல்சே அவனை உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, "சுடாதே, எனக்கு வயதான தாய் இருக்கிறாள்" என்றார்.

அதுவும் படத்தில் ஓடும் வாசகம்தான். ஒரே எழுத்தை, அவர் திரையரங்கின் பின்வரிசையிலிருந்தும் இவன் அகதி முகாமிலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான்கு வருடம், தினமும் காலை ஏழு மணிக்கு இந்த நாடகம் நடந்தது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோக, "வா, உன்னை ஒரு சவாரி கூட்டிக்கொண்டு போகிறேன்" என்பான். படத்தில் அப்படிக் கூட்டிக்கொண்டு போனால் ஆள் திரும்பி வராது. எல்சே சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புவார். மாத்திரை கொடுக்கும்போது, "விழுங்கு, சாட்சி இருக்கக்கூடாது" என்பான். விழுங்குவார்.

பிறகு ஒருநாள் அவருடைய மகள் லிஸ்பெத், வழக்கமாக ஞாயிறு மத்தியானம் வருகிறவர், செவ்வாய் காலை வந்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்று மூன்று வாசகத்தையும் கேட்டார். மூன்றையும் எழுதிப் புகார் கொடுத்தார். ஊழியர் என் தாயை மிருகம் என்கிறார், கொல்லப்போவதாகச் சொல்கிறார், சாட்சியை அழிப்பது பற்றிக் கதைக்கிறார். எழுத்தில் பார்த்தால் எனக்கே அது கொலைக்கேஸ் போலத்தான் இருந்தது.

இல்லத்தின் பொறுப்பாளர் மைபிரித் என்கிற பெண். புதிதாக வந்தவர். கேங்ஸ்டர் படம் ஒன்றும் பார்த்திராதவர். அவர் இரக்கத்தோடு ஒரு முடிவுக்கு வந்தார்: பாவம், இந்த ஆளுக்கு டெனிஷ் விளங்கவில்லை. ஆகவே வேலையை விட்டு நிறுத்துவதா என்று பேசும் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கொமூனிடம் கேட்டார். வெளியாளைப் பிடிக்க மூன்று வாரம். அலுவலகத்துக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார், ஸ்ரான்லி, சுத்தமான டெனிஷ் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். ஊழியர் எனக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் இருந்தவனுக்கு மொழிபெயர்ப்பாளர். அந்தோனிமுத்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நீயா வந்தனீ?"

"வேற ஆள் இல்லையாம். சும்மா பிழை எண்டு ஒத்துக்கொள், மச்சான். அறுபது வயசில உனக்கு வேற எவன் வேலை தருவான்?"

மைபிரித் கேட்டார்: இனி இந்த வார்த்தைகளைச் சொல்லமாட்டேன் என்று உறுதி தரமுடியுமா? தந்தால் எச்சரிக்கையோடு வேலையில் இருக்கலாம். இல்லையென்றால் இல்லை. நான் தமிழில் சொன்னேன். அவன் கொஞ்சநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினான்.

"அந்த மனிசிக்கு என்ர முகம் ஞாபகம் இல்லை. பேர் ஞாபகம் இல்லை. ஒவ்வொரு நாளும் நான் அவவுக்குப் புது ஆள். உந்தச் சொல்லைச் சொன்னாத்தான் நான் ஆர் எண்டு தெரியும். அதை விடச்சொன்னா என்னால ஏலாது. வேலையைப் பறிக்கிறதெண்டாப் பறிக்கட்டும் எண்டு சொல்லு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மைபிரித்திடம் டெனிஷில் சொன்னேன்: நடந்தவற்றுக்காக ஊழியர் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறார், எதிர்காலத்தில் மேற்படி சொற்பிரயோகங்களைத் தவிர்ப்பதாக உறுதியளிக்கிறார்.

ஏன் சொன்னேன்? அவன் வேலைக்காக, என் தங்கைக்காக. அதோடு, அவன் இனிமேலாவது மனிதரைப்போல டெனிஷ் பேசட்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அந்தோனிமுத்து தலையாட்டிக்கொண்டு இருந்தான். என் டெனிஷ் அவனுக்கு விளங்காது. எந்தக் கேங்ஸ்டரும் 'மேற்படி' என்று சொல்லிச் சுடுவதில்லை. மைபிரித் சந்தோஷமாக ஒரு தாளை நீட்டினார். எங்கே கையெழுத்து என்று நான் விரலால் காட்டினேன். வைத்தான்.

நாலாம் நாள் கூட்டக் குறிப்பு கடிதமாக வந்தது. அவன் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்திருக்கிறான். பிறகு எனக்குப் போன்.

"மச்சான், நான் எப்பவடா உறுதி குடுத்தனான்?"

"உன்ர வேலையைக் காப்பாத்தினன். நன்றி சொல்லு."

"கையெழுத்து வைச்சிட்டன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அதற்குப் பிறகுதான் அவனுடைய விசர் தொடங்கியது. வேறு எவனாவது என்றால், கதவைச் சாத்திவிட்டு அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவான். இவன் சொல்லவில்லை. அந்தப் படங்களில் மடையனான கேங்ஸ்டர்கூடக் கொடுத்த வாக்கை மீறமாட்டானாம். வாக்கைக் கொடுத்தது நான். காப்பாற்றுவது அவன். மறுநாள் ஏழு மணிக்குப் போய், நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னான்: "தயவுசெய்து உங்கள் கைகளை உயர்த்த முடியுமா?" எல்சே கைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். இரண்டாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாளிலிருந்து பழையபடி இரண்டு பெண்கள் பிடித்தார்கள். எல்சே அழுதார். வெளியே கொண்டுபோகக் கூப்பிட்டால் நாற்காலியில் ஏறமாட்டேன் என்றார்.

பதினோராம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து அவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். தொப்பி இல்லை. என் மனைவி தேத்தண்ணி வைத்தாள், அவன் தொடவில்லை.

"நேற்று அவ என்னைப் பாத்து, நீ ஆர், என்னை என்ன செய்யப்போறாய் எண்டு கேட்டவ. பயந்துபோய்க் கேட்டவ, மச்சான். நாலு வருசம். என்னைப் பாத்து ஒருநாளும் பயந்ததில்லை."

அவன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. பன்றித் தொழிற்சாலையில் விரல் நுனி போனபோதுகூட அவன் ஏதோ பட வசனம்தான் சொன்னான்.

"இன்னொரு கூட்டம் கேட்டிருக்கிறன்," என்றான். "நீதான் வரவேணும். இந்தமுறை நான் சொல்லுறதை மட்டும் சொல்லு. ஒரு சொல்லும் கூட்டாத, குறையாத."

போனேன். மைபிரித் இருந்தார், லிஸ்பெத்தும் இருந்தார். மொழிபெயர்ப்பில் ஒரு விதி உண்டு: 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். அந்த விதியை எழுதியவன் என் மச்சானைப்போல ஒருவனிடம் மாட்டியிருக்க மாட்டான்.

"நான் அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை," என்று டெனிஷில் சொன்னேன். "அது என் மச்சான் தன்பாட்டில் சொன்ன பொய்."

மைபிரித் புருவத்தை உயர்த்தினார். "உன் மச்சானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

கடமைக்காக அதையும் தமிழாக்கினேன். அந்தோனிமுத்து நிதானமாகச் சொன்னான்: "பக்கத்துக் கதிரையிலதான் இருக்கிறார் எண்டு சொல்லு."

சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான். இதற்காகக் கொமூன் பிறகு எனக்கு 'பக்கச்சார்பின்மை' என்ற தலைப்பில் இரண்டுநாள் வகுப்பு வைத்தது. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

பிறகு லிஸ்பெத்தின் முறை. சண்டைக்காரி என்று நான் நினைத்திருந்தேன். மெல்லிய குரலில்தான் பேசினார். "இரண்டு வருடமாக அம்மா என்னைப் பார்த்து, நீ புதிதாக வேலைக்கு வந்தவளா என்று கேட்கிறார். அவருக்கு நான் இல்லை. அவருக்கு இனி மிச்சமிருப்பது மரியாதை மட்டும்தான். அதையும் ஒருவர் முன்னங்கால் என்று சொல்லி எடுக்க நான் விடமாட்டேன்."

நான் அதைத் தமிழில் சொல்லிமுடிக்க முன்னரே அந்தோனிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. இப்படியான டெனிஷ் எல்லாருக்கும் விளங்கும்.

"உங்கட அம்மாவை நான் மிருகம் எண்டு நினைச்சதே இல்லை, பிள்ளை," என்றான். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்து பாருங்கோ. நான் அந்தச் சொல்லைச் சொல்லுவன். அவ பயந்தால், நானே வேலையை விட்டுட்டுப் போறன்."

சொல் மாற்றாமல் சொன்னேன். 'பிள்ளை' என்பதற்கு டெனிஷில் சரியான சொல் இல்லை, விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நாலு பேரும் அந்த அறை வாசலில் நின்றோம். நான் ஏன் வந்தேன் என்று கேட்டால், கூட்டம் இன்னும் முடியவில்லையாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டுமாம். அந்தோனிமுத்து மட்டும் உள்ளே போனான். எல்சே போர்வையை நாடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பதினைந்து நாள் கழித்து, மறதி நோய்க்காரிக்கு, ஒரு சொல். எனக்கே நம்பிக்கை இல்லை. லிஸ்பெத் தன் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். முடிவை ஒளித்துவைக்க நான் படமா எடுக்கிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்: புகார் அன்று மத்தியானமே வாபஸ் ஆனது. ஆனால் அது எப்படி என்பதுதான் கதை.

"ஒப் மெ போதர்ன," என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் இன்னொருமுறை சொல்லவுமில்லை, நின்றான். எல்சே மெதுவாகத் திரும்பினார். காலிலிருந்து தலைவரை அவனைப் பார்த்தார். பிறகு போர்வையை விட்டார், இரண்டு கையையும் தூக்கினார்.

"இத்தனை நாளும் எங்கே போய்த் தொலைந்தாய்?" என்றார்.

"உள்ளே இருந்தேன்."

"யார் காட்டிக்கொடுத்தது?"

அவன் திரும்பி என்னைக் கையால் காட்டினான். "மச்சான்."

எல்சே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முகத்திலேயே எழுதியிருக்கிறது," என்றார். மைபிரித் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மைதானே.

அந்தோனிமுத்து சட்டையைக் கழற்றி, சுத்தமான பருத்திச் சட்டையைப் போட்டு, பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தான். எல்சே அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"அங்கே அழுதுகொண்டு நிற்கிறவள் யார்?"

அந்தோனிமுத்து பொத்தானை விட்டுக் கையெடுக்காமல், சாதாரணமாகச் சொன்னான்: "பாஸின் மகள்."

"எந்தப் பாஸ்?"

"நீதான் பாஸ்."

எல்சே அதை நெடுநேரம் யோசித்தார். பிறகு கட்டிலில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். லிஸ்பெத் போய் உட்கார்ந்ததும் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இவளை ஒருவனும் தொடக்கூடாது," என்று அந்தோனிமுத்துவிடம் சொன்னார். "பார்த்துக்கொள்."

"ஓம், பாஸ்," என்றான் அவன், தமிழில்.